முகத்தைப் பார்த்து மனத்தைச் சொல்லும் கேமரா எதுவும் இல்லை

"இப்பல்லாம் கேமரா முகத்தைப் பார்த்தே மனசுல என்ன இருக்குன்னு சொல்லிடுதாம்." பெற்றோர் கூட்டம், கல்லூரிக் கருத்தரங்கு, ஹெச்.ஆர். பயிற்சி வகுப்பு என எங்கே போனாலும் இதே பேச்சு. வகுப்பில் எந்தப் பிள்ளைக்குக் கவனமில்லை, இன்டர்வியூவில் யார் பொய் சொல்கிறார், தெருவில் எந்தப் பெண் பயந்திருக்கிறாள் என்பதையெல்லாம் செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்துவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இதில் மிகை நீக்கி எடுத்துக்கொள்ளக்கூட ஒன்றுமில்லை. அடிப்படையே தவறு.

கேமரா பார்ப்பது தசை அசைவை. புருவம் இறங்கியது, உதட்டோரம் உயர்ந்தது, கண் விரிந்தது: இவற்றை மென்பொருள் நன்றாகவே அளக்கும். புருவம் இறங்கியது கோபத்தாலா, வயிற்று வலியாலா, கரும்பலகையில் எழுதியது புரியாததாலா என்று அந்த அசைவு மட்டும் சொல்லாது. அளந்தது அசைவை, அறிக்கையில் அச்சாவது 'கோபம் 87 விழுக்காடு' என்று. விற்பனைப் பிரசுரங்கள் பேசாமல் தாண்டிப்போவது இந்த இடத்தைத்தான்.

உளவியலில் இதைப் பற்றிய விரிவான மறுஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. லிசா ஃபெல்ட்மன் பேரட் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள், உணர்ச்சி பற்றித் தங்களுக்குள்ளேயே மாறுபட்ட கருத்துடையவர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைப் பரிசீலித்தார்கள். கோபத்தில் இருப்பவர்கள் முகத்தைச் சுளிப்பது சராசரியாக 30 விழுக்காட்டுக்கும் குறைவான நேரங்களில்தான் என்று தெரிந்தது. மீதி நேரமெல்லாம் அவர்கள் அமைதியாக இருந்தார்கள், அழுதார்கள், சிரிக்கவும் செய்தார்கள். கோபமே இல்லாமல் சுளித்தவர்களும் ஏராளம். பத்துக் கோபத்தில் ஏழைத் தவறவிடும் அடையாளத்தை வைத்து ஒரு மாணவனுக்கு நடத்தைச் சான்று எழுதலாமா?

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்த கதை. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் பாப்புவா நியூ கினியாவில் ஃபோரே மக்களிடம் சென்றார். சிறு கதை ஒன்றைச் சொல்லி, அதற்குப் பொருத்தமான முகத்தை மூன்று படங்களிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னார். பெரும்பாலோர் அவர் எதிர்பார்த்த முகத்தைக் காட்டினார்கள். மகிழ்ச்சி, துயரம், கோபம், பயம், வியப்பு, அருவருப்பு ஆகிய ஆறும் உலகெங்கும் ஒரே முகம் காட்டும் என்ற கொள்கை இப்படித்தான் பரவியது. மூன்றில் ஒன்றைத் தொடச் சொல்லும் சோதனையில் நான்காவதாக ஒரு பதிலுக்கு இடமே இல்லை. அதே நாட்டின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் கார்லோஸ் கிரிவெல்லி குழுவினர் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. மேலை நாட்டவர் பயம் என்று படிக்கும், கண் விரிந்து வாய் பிளந்த முகத்தை அந்தத் தீவினர் மிரட்டல் என்று படித்தார்கள்!

நம்மூர் பொறியியல் மாணவர்கள் பலருக்குப் பழக்கமான டேட்டாசெட் ஒன்றும் இங்கே பதில் சொல்ல வேண்டும். எஃப்.இ.ஆர். 2013. மொத்தம் 35,887 கறுப்பு வெள்ளைப் படங்கள், ஒவ்வொன்றும் 48க்கு 48 புள்ளி, ஏழு லேபிள்கள். உணர்ச்சிச் சொற்களைக் கூகுள் படத் தேடலில் இட்டு, வந்து விழுந்தவற்றை ஆட்களை வைத்து வடிகட்டித் தொகுத்தது இது. படத்தில் இருப்பவரிடம் "அப்போது உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று எவரும் கேட்கவில்லை. மனிதர்களே இந்த லேபிள்களோடு சுமார் 65 விழுக்காடுதான் ஒத்துப்போனார்கள். இதில் பயின்ற மாடல் கற்றது, வேறு யாரோ அந்தப் படத்துக்கு என்ன பெயர் வைப்பார் என்பதை மட்டுமே. மனத்தை அது எந்தக் கட்டத்திலும் பார்க்கவில்லை.

அந்த 'வேறு யாரோ'வின் பாரபட்சமும் உள்ளே புகுந்துவிடும். என்.பி.ஏ. கூடைப்பந்து வீரர்களின் சுமார் 400 படங்களை லாரன் ரூ என்ற ஆய்வாளர் 2018இல் இரண்டு வணிக மென்பொருள்களில் கொடுத்துப் பார்த்தார். கறுப்பின வீரர்களுக்கே எதிர்மறை உணர்ச்சி அதிகம் ஏற்றப்பட்டது. அவற்றுள் ஒன்று, சிரிப்பின் அளவு சமமாக இருந்தபோதும் அவர்களையே அதிகக் கோபக்காரர்கள் என்றது.

2021 ஜனவரியில் லக்னோ காவல்துறை, பெண்களின் முகத்தில் துயரக் குறியைக் கண்டால் அருகிலுள்ள காவலருக்குத் தகவல் அனுப்பும் கேமராக்கள் பற்றிய திட்டத்தை அறிவித்தது. வெயிலில் முகம் சுருங்கினால்? தொலைபேசியில் அம்மாவோடு சண்டை போட்டால்? உண்மையிலேயே மிரண்டுபோய் முகம் உறைந்து நிற்பவளை அது கண்டுகொள்ளாமல் விட்டால் யார் பொறுப்பு? பாதுகாப்பு என்ற பெயரில் பெண்களின் முகத்தைக் கண்காணிப்பதற்கு இப்படியொரு அரைகுறை அறிவியலைத் துணைக்கு அழைத்திருக்கவே கூடாது.

வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்று குறிப்பறிதல் அதிகாரத்தைச் சாட்சிக்கு இழுப்பவர்களும் உண்டு. பொருட்பாலில் அது அரசனுக்கு அருகிலிருந்து பணியாற்றும் அமைச்சனுக்குச் சொன்னது. முன்பின் தெரியாத முகத்தை நொடியில் அளந்து மதிப்பெண் போடும் கருவிக்கு அது பொருந்தாது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

பொய்யை முகமே காட்டிக்கொடுக்கும் என்பது ஒன்று. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தைக் குறிகளைக் கவனிக்கும் திட்டத்துக்குச் சுமார் 90 கோடி டாலர் செலவான பிறகு, அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு 2013இல் ஆராய்ந்தது. இத்தகைய குறிகளால் பொய்யைக் கண்டுபிடிக்கும் மனிதத் திறன் குருட்டு ஊகத்துக்குச் சமம், அல்லது சற்றே மேல் என்றது.

சாட்பாட் 'வருந்துகிறேன்' என்றால் அதற்கு வருத்தம் இருக்கிறது என்பது இன்னொன்று. 1966இல் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா, எதிரில் இருப்பவர் சொன்னதையே திருப்பிக் கேள்வியாக்கிய எளிய நிரல். அதனிடமே மனம் திறந்து பேசியவர்களைக் கண்டு அவர் கலங்கிப்போனார்.

அப்படியானால் உணர்ச்சியைக் கணினியோடு இணைக்கும் இந்தத் துறையே ஏமாற்றா என்றால், அதுவும் தவறு. 1988இல் ஆர்டனி, க்ளோர், காலின்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 22 உணர்ச்சி வகைகளை, என்ன நடந்தது, அது ஒருவரின் நோக்கத்துக்கு உதவியதா, தடுத்ததா என்பன போன்ற கேள்விகளால் பிரித்தார்கள். கணினிப் பாத்திரங்களை வடிவமைப்பவர்களுக்கு அது இன்றும் உதவுகிறது. 1997இல் இத்துறைக்கான முன்னோடி நூலை எழுதிய எம்.ஐ.டி.யின் ரோசலிண்ட் பிக்கார்ட், தோலின் மின் மாற்றங்களையும் அளந்துவந்தார். அந்த வழியில் உருவான மணிக்கட்டுப் பட்டை, வலிப்பைக் கண்டறியும் கருவியாக 2018இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அது உடலை அளக்கிறது, உடலைப் பற்றியே பேசுகிறது.

உலகமே இந்தக் கேமராக்களை வாங்குகிறது, நாம் மட்டும் பின்தங்கலாமா என்று கேட்கும் பள்ளி நிர்வாகிகள் கவனிக்கட்டும். மைக்ரோசாஃப்ட் தன் முக ஆய்வுச் சேவையிலிருந்து உணர்ச்சி ஊகிப்பை விலக்கிக்கொள்வதாக 2022இல் அறிவித்தது. பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் உணர்ச்சியை ஊகிக்கும் அமைப்புகளை, மருத்துவம், பாதுகாப்புக் காரணங்கள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடைசெய்திருக்கிறது.

முகம் மனத்தைக் காட்டிவிடும் என்ற தவறான நம்பிக்கை எளிதாக வேர்விடும் இடம் பொறியியல் மாணவர்களின் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். டவுன்லோடு செய்த டேட்டாசெட், பிறர் எழுதிய கோடு, கடைசி ஸ்லைடில் ஒரு துல்லிய விழுக்காடு, வைவா முடிந்தது. லேபிள் எங்கிருந்து வந்தது என்று கேட்க மேசைக்கு அந்தப் பக்கம் ஆள் வேண்டாமா? ரிவ்யூ குழுவில் உளவியல் ஆசிரியர் ஒருவரைக் கட்டாயம் உட்கார வைக்க வேண்டும். அடுத்த முறை இந்தத் தலைப்பை எடுக்கும் மாணவர்கள், கோடிங்கைத் தொடங்குமுன் நூறு படங்களை எடுத்து, ஒருவருக்கொருவர் காட்டாமல் லேபிள் எழுதி ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எத்தனையில் ஒத்துப்போனார்கள் என்ற எண்ணை அறிக்கையின் முதல் பக்கத்தில் அச்சிடட்டும்.