நிரந்தரமான பேரனுக்கு



ஒரகடத்தில் உன் உத்தியோகம் நிரந்தரமாயிற்று என்று உன் அம்மா சொல்லக் கேட்டு மனம் பூரித்தேன். ஆனால் சென்ற வாரம் நீ பேசுகையில், உன்னோடு ஒரே வரிசையில் நின்று அதே போல்ட்டை முடுக்குகிறவர்களை, ‘காண்ட்ராக்ட் பசங்கதானே’ என்று தள்ளிப் பேசியது நெஞ்சில் தைத்துவிட்டபடியால் இதை எழுதுகிறேன்.

அவர்களுக்கும் உனக்கும் நடுவே நிற்கும் சுவர் மெல்ல மெல்ல எழுப்பப்பட்டது. 300 பேருக்குக் குறையாத ஆலைகளில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 1976-இல் விதித்த பார்லிமெண்டு, 1982-இல் அந்த எண்ணை 100 ஆக்கியது. 1991-க்குப் பின் தாராளமயம் வந்தும், சங்கபலம் உள்ள நிரந்தரத் தொழிலாளியின் பகையை அஞ்சி, மத்திய அரசுகள் வெகுகாலம் அவ்விதியைத் தொடவில்லை. அவனைத் தொடாமல், அவன் அருகிலேயே உரிமையற்ற ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவதே சுலப மார்க்கமாயிற்று. ஒப்பந்த முறையை ஒழுங்குபடுத்தவும் ஒழிக்கவும் 1970-இல் பிறந்த சட்டம், அம்முறையைத் தடைசெய்த இடத்திலும் தொழிலாளிகள் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் பெரிதும் வலுவிழந்தது. 24 மாதத்தில் 480 நாள் உழைத்தவனுக்கு நிரந்தர அந்தஸ்து என்று நம் மாநிலம் 1981-இல் சட்டம் செய்தது. அந்நாள் நெருங்குமுன் கணக்கை முடித்தனுப்பி, பிறகு வேறொரு காண்ட்ராக்டர் பெயரில், புது அடையாள அட்டையோடு, அதே வாயிலில் அவனை உள்ளே விடும் வழக்கமும் கூடவே வளர்ந்தது.

தொடப்படாதவன் தப்பினான் என்று எண்ணாதே. ஓய்வுபெறும் ஒவ்வொரு நிரந்தரத் தொழிலாளியின் இடத்திலும் ஒப்பந்தத் தொழிலாளி நிற்க, சங்கத்தின் அங்கத்தினர் தொகை சுருங்கி, நீங்கள் வேலைநிறுத்தம் செய்தாலும் உற்பத்தி நிற்காத நிலை வந்துவிடுகிறது. இவ்வாறு எதிர்க்கும் கைகள் குறைந்துபோன பிறகுதான், 2020-இன் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்த 100-ஐ மறுபடி 300 ஆக்கி, குறித்தகால நியமனத்துக்கும் சட்ட அங்கீகாரம் அளித்தது.

ஆகையால் அவர்களுடைய சம்பளச் சீட்டையும் பி.எஃப். எண்ணையும் பத்திரப்படுத்தச் சொல். 480 நாளைக் கணக்கு வைக்க உதவு. அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில் அவர்களுக்கும் ஒரு ஷரத்து சேரும்வரை கையெழுத்திட வேண்டாமென்று உன் சங்கத்தில் எழுந்து பேசு. இது தர்மம் மட்டுமன்று. உன் உத்தியோகத்துக்கு இதைவிடப் பலமான காப்பு வேறில்லை.

உன் அன்புள்ள,
தாத்தா