மருந்துப் பையுடன் வாருங்கள்: மருந்தாளுநரின் பணியும் குடும்பத்தாரின் பங்கும்

மருத்துவமனையில் ஒருவர் சேரும்போது, "வீட்டில் என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று நாங்கள் கேட்பது வழக்கம். "சர்க்கரைக்கு ஒரு வெள்ளை மாத்திரை, பிரஷருக்கு ஒரு சின்ன மாத்திரை" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. இவ்விடையை மட்டும் நம்பிச் சிகிச்சையைத் தொடங்குவதில் உள்ள ஆபத்தையும், அதைத் தடுக்கும் மருந்தாளுநரின் பணியையும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

ஒரு விடியற்காலை

அம்பாசமுத்திரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து, அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் நினைவிழந்த நிலையில் அழைத்து வரப்பட்டார். உடல் முழுதும் வியர்த்திருந்தது. இரத்தச் சர்க்கரை 38 மட்டுமே. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்தார். ஆயினும் நண்பகலுக்குள் சர்க்கரை மீண்டும் இறங்கியது. மூன்று வாரங்களுக்கு முன் நாங்கள் எழுதித் தந்த மாத்திரையின் அளவு மிகுதியானதன்று. எனவே காரணம் எங்களுக்கு விளங்கவில்லை.

எங்கள் பிரிவின் மருந்தாளுநர், வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் எடுத்து வருமாறு அம்மையாரின் மருமகளிடம் கூறினார். மாலையில் ஒரு மஞ்சள் பை வந்தது. மாத்திரை அட்டைகளை மேசைமீது பரப்பியபோது இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. வெவ்வேறு வணிகப் பெயர் கொண்ட இரண்டு அட்டைகளிலும் கிளிமிபிரைடு என்னும் ஒரே மருந்து இருந்தது. ஒன்று நாங்கள் எழுதியது. மற்றொன்று அதற்கு முன் வேறோரிடத்தில் தொடங்கியது. அம்மையார் இரண்டையும் உட்கொண்டு வந்திருக்கிறார். மூட்டுவலிக்காக நாள்தோறும் டைக்ளோஃபெனாக் மாத்திரையும் எடுத்திருக்கிறார். அம்மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. சிறுநீரகம் தளர்ந்தால் கிளிமிபிரைடு உடலில் நெடுநேரம் தங்கிச் சர்க்கரையைத் தொடர்ந்து இறக்கும். அவருடைய இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு உயர்ந்திருந்ததன் பொருள் அப்போதுதான் புலப்பட்டது.

"புதிய மாத்திரை தருகிறோம்" என்று நாங்கள் கூறியிருந்தோம். "பழையதை நிறுத்திவிடுங்கள்" என்று தெளிவாகக் கூறவில்லை. அம்மையார் எங்கள் சொல்லை மீறவில்லை. பிழை எங்களுடையது. அவர் நலமடைந்து வீடு திரும்பினார். அந்த மஞ்சள் பை எங்களுக்கு ஒரு பாடமாயிற்று.

மருந்தாளுநர் என்ன செய்கிறார்?

மருந்தகச் சாளரத்தின் பின்னால் நின்று மருந்து எடுத்துத் தருபவராகவே மருந்தாளுநரைப் பலரும் அறிவர். நோயாளியின் படுக்கையருகே பணியாற்றும் மருந்தாளுநரும் உண்டு. இதற்கெனப் பயிற்றுவிக்கும் பார்ம்.டி. என்னும் ஆறாண்டுப் படிப்பு இந்தியாவில் 2008ஆம் ஆண்டு அறிமுகமானது. அதன் இறுதியாண்டு மருத்துவமனைப் பயிற்சிக்குரியது.

இவர் நோயாளி வீட்டில் எடுத்த மருந்துகளையும் மருத்துவர் புதிதாக எழுதியவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஒரே மருந்து இருமுறை வருகிறதா, ஒன்றோடொன்று ஒவ்வாத மருந்துகள் சேர்ந்துள்ளனவா, சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப அளவைக் குறைக்க வேண்டுமா என ஆராய்கிறார். ஐயம் எழுந்தால் மருத்துவரை அழைத்துக் கேட்கிறார். மருந்துச் சீட்டைத் தாமாக மாற்றுவதில்லை. அவர் கேட்கும் கேள்வியை நாங்கள் குறுக்கீடாகக் கருதுவதில்லை. மருத்துவரின் கண்ணுக்குத் தப்பியதைக் காண இரண்டாவது கண் தேவைப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்துகளால் நேரும் தீங்கைத் தடுக்கும் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியபோது, மூன்று இடங்களில் மிகுந்த கவனம் வேண்டும் என்றது: ஆபத்து மிகுந்த மருந்துகளும் சூழல்களும், ஒருவரே பல மருந்துகளை உட்கொள்ளும் நிலை, நோயாளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாறும் வேளை. அந்த அம்மையாரிடம் இம்மூன்றும் ஒருங்கே அமைந்திருந்தன.

நம் வட்டாரத்தில் கூடுதல் கவனம் ஏன்?

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி வழங்குவது 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அம்மருந்துகள் பொதுப்பெயரிலேயே வருகின்றன. தனியார் கடையில் வாங்கும் அட்டையில் வணிகப் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். ஆகவே இரண்டு அட்டைகளிலும் இருப்பது ஒரே மெட்ஃபார்மின் என்பது வீட்டாருக்குத் தெரியாமற்போவது இயல்பு. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் வீட்டிற்கே மாத்திரை பெறுவோர், வேறு மருத்துவரிடம் செல்லும்போது அவற்றையும் தவறாமல் காட்ட வேண்டும்.

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இயங்கி வருகிறது. தாமிரபரணிக் கரை ஊர்களில் ஆங்கில மருந்தோடு சூரணமும் குடிநீரும் எடுப்போர் பலர். அதை மறைக்க வேண்டியதில்லை. நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். ஆனால் சிறுகுறிஞ்சான் போன்றவை சர்க்கரையைக் குறைக்க வல்லவை. மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம் என்பதால்தான் கேட்கிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. மருத்துவமனைக்கு வரும்போதெல்லாம் வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் அட்டையோடும் புட்டியோடும் ஒரே பையில் கொண்டு வாருங்கள். வலி மாத்திரை, நாட்டு மருந்து, கண் சொட்டு மருந்து, இன்சுலின் ஆகியவையும் அதில் அடங்கும்.

2. எந்த மருந்தாவது முன்பு ஒவ்வாமையை உண்டாக்கியிருந்தால் அதன் பெயரை எழுதி வைத்திருங்கள்.

3. வீடு திரும்பும் நாளில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எது புதியது? எதை நிறுத்த வேண்டும்? எதன் அளவு மாறியிருக்கிறது? விடை கிடைக்கும்வரை புறப்படாதீர்கள்.

4. மூட்டுவாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட் எழுதப்பட்டிருந்தால், அது வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டியது. எந்தக் கிழமை என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

5. நிறுத்தச் சொன்ன மாத்திரைகளைப் பழைய பையிலேயே விட்டுவைக்காமல் தனியே பிரித்து எடுத்துவிடுங்கள்.

6. மருந்து எடுத்தபின் தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். மருந்தின் பக்கவிளைவுகளைத் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்னும் கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம்.

மருந்தின் பெயர் வாயில் நுழையவில்லையே எனத் தயங்க வேண்டாம். பெயரைப் படித்தறிவது எங்கள் வேலை. பையைக் கொண்டு வந்தால் போதும்.