டீப்பாயைத் திருத்தினால் ஸ்டூலும் மாறும்!

இன்ஜினியரிங் மாணவர்கள் உள்ள வீடுகளில் சாலிட்ஒர்க்ஸ் போன்ற கேட் புரோகிராம்களும் கம்ப்யூட்டரில் இடம் பிடித்துவிடுகின்றன. ஒரே மாடலில் இரண்டு மூன்று பேர் வேலை செய்தால், ஒருவர் செய்திடும் சிறிய மாற்றம் மற்றவர் வேலையைக் கெடுத்துவிடலாம். இதனை எப்படித் தவிர்ப்பது எனப் பார்ப்போம்.

அசெம்பிளி என்பது என்ன?

ஒவ்வொரு பாகமும் பார்ட் எனப்படும் தனி பைல். அளவுகளை எண்களாகத் தருகிறோம். எண்ணை மாற்றினால் உருவமும் மாறும். இதுவே பாராமெட்ரிக் முறை. பார்ட்களை இணைத்து அமைப்பது அசெம்பிளி. இதில் பார்ட் நகலெடுத்து வைக்கப்படுவதில்லை. அந்த பைலுக்கு ஒரு இணைப்பு மட்டுமே தரப்படுகிறது.

எங்கே சிக்கல்?

450 மி.மீ. உயரமுள்ள 'கால்' என்ற பார்ட்டை உங்கள் டீப்பாயிலும் நண்பரின் ஸ்டூலிலும் பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டீப்பாய் அசெம்பிளியில் இருந்தபடியே, எடிட் பார்ட் கொடுத்து, உயரத்தை 400 ஆக்கி சேவ் செய்கிறீர்கள். மாறியது டீப்பாய் மட்டுமல்ல. நண்பர் அடுத்த முறை பைலைத் திறக்கும்போது ஸ்டூலும் 50 மி.மீ. குட்டையாகிவிடும். கவனிக்காமல் தச்சரிடம் வரைபடத்தைக் கொடுத்தால் மரம் வீண். அறுத்த மரத்தை நீட்ட முடியாதே!

அசெம்பிளியில் போடும் துளை இதற்கு நேர் எதிர். அசெம்பிளி பீச்சராகப் போட்ட துளை, வேறு வகையில் குறிப்பிடாவிட்டால், அந்த அசெம்பிளியில் மட்டுமே இருக்கும். பார்ட் பைலைத் தனியே திறந்தால் துளை இருக்காது.

மூன்றாவது, ஒரு பார்ட்டின் அளவை அசெம்பிளியில் உள்ள மற்றொரு பார்ட்டிலிருந்து எடுப்பது. அப்போது பெயருக்கு அருகே -> என்ற குறி தோன்றும். அசெம்பிளியை விட்டுவிட்டு அந்தப் பார்ட்டை மட்டும் நண்பருக்கு அனுப்பினால், குறியுடன் கேள்விக்குறியும் சேரும். அளவு தானாகப் புதுப்பிக்கப்படாது.

என்ன செய்திட வேண்டும்?

1. திருத்தும் முன், அந்தப் பார்ட்டை வேறு யார் பயன்படுத்துகிறார்கள் எனக் கேட்டறியவும்.

2. உங்களுக்கு மட்டும் மாற்றம் தேவையெனில், கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி நான்கு கால்களையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, மேக் இண்டிபெண்டன்ட் கொடுத்துப் புதிய பெயரில் சேவ் செய்திடவும். இனி ஸ்டூலுக்கு ஆபத்தில்லை.

3. பொதுவான பார்ட் பைல்களுக்கு, விண்டோஸில் ப்ராப்பர்ட்டீஸ் சென்று ரீட் ஒன்லி டிக் செய்து வைக்கவும்.

4. மாடலை அனுப்பும்போது பைல் மெனுவில் பேக் அண்ட் கோ பயன்படுத்தவும். தொடர்புள்ள பைல்கள் அனைத்தும் ஒன்றாகச் செல்லும்.

இலவசமாகக் கிடைக்கும் ப்ரீகேட் புரோகிராமிலும், 2024 நவம்பரில் வெளியான 1.0 பதிப்பிலிருந்து அசெம்பிளி வசதி இணைத்துத் தரப்பட்டுள்ளது. அங்கும் பார்ட்கள் இணைப்பாகவே சேர்க்கப்படுவதால் இதே கவனம் தேவை.