கொடைக் கல்லீரல் யாருக்கு?

ஆரணியாற்று நீர்த்தேக்கம் அமைந்த பிச்சாட்டூர், ஆந்திர மாநிலத்தில் தமிழக எல்லையை ஒட்டிய ஊர். மருத்துவம் நாடி அங்கிருந்து திருப்பதிக்குச் செல்வோர் உளர்; ஊத்துக்கோட்டை வழியே சென்னைக்குச் செல்வோரும் உளர். அவ்வூர்வாசி ஒருவருக்குக் கல்லீரல் புற்றுநோய் கண்டிருப்பதாகக் கொள்வோம். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறப்படும் கல்லீரல் அவருக்குக் கிட்டுமா?

அருகிய பண்டத்தை விலை பங்கிடும் என்பது பொருளியலின் தொடக்கப் பாடம். உறுப்பு விற்பனையை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளமையால் இங்கு விதியே பங்கிட வேண்டியுள்ளது. அவ்விதிகளுள் பெரிதும் பின்பற்றப்படுவது, 1996இல் இத்தாலியில் மசாஃபெரோ குழுவினர் வெளியிட்ட மிலான் அளவுகோலாகும். கட்டி ஒன்றாயின் 5 சென்டிமீட்டருக்கு மிகலாகாது. இரண்டு அல்லது மூன்றாயின் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். இரத்தக் குழாய்களிலோ பிற உறுப்புகளிலோ நோய் பரவியிருத்தல் கூடாது. அக்குழுவினர் ஆராய்ந்த 48 நோயாளிகளில் நான்காண்டு உயிர்வாழ்வு 75 விழுக்காடு.

5 சென்டிமீட்டர் என்பது இயற்கை வகுத்த எல்லையன்று. 2001இல் சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் அதனை 6.5 வரை நீட்டினர். 6 சென்டிமீட்டர் கட்டியுடையவரும் மாற்றுக் கல்லீரலால் பயனடையக் கூடும். ஆயின் அதே கல்லீரல், புற்றுநோயின்றிக் கல்லீரல் செயலிழந்த வேறொருவருக்கு இன்னும் நீண்ட வாழ்வைத் தரக்கூடும். எனவே இவ்வளவுகோல் நோயாளியைப் பற்றியது மட்டுமன்று. வரிசையில் அவருக்குப் பின் நிற்பவரைப் பற்றியதும் ஆகும்.

உறவினர் தம் கல்லீரலில் ஒரு பகுதியை ஈயும்போது கணக்கு மாறுகிறது. இந்தியாவில் பெரும்பான்மையான மாற்றுச் சிகிச்சைகள் இவ்வகையினவே. பொது வரிசைக்கு இழப்பில்லையாதலால் மிலான் எல்லையைக் கடந்தவர்களையும் மருத்துவமனைகள் ஏற்கின்றன. ஆயினும் நலமுடன் இருக்கும் ஒருவர் கத்திக்கு உட்படுகிறார். அவருக்கு நேரும் ஆபத்து சிறிதெனினும் இல்லையெனச் சொல்வதற்கில்லை. கொடுப்போருள் பெண்களே மிகுதி என்பது தனியே ஆராயத்தக்கது.

2023இல் மத்திய அரசு, உறுப்பு வேண்டிப் பதிவு செய்ய இருப்பிடச் சான்று தேவையில்லை என மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. பிச்சாட்டூர்க்காரருக்கு இது நற்செய்தியே. எனினும் பதிவு செய்யும் உரிமை வேறு. பங்கீட்டில் முன்னுரிமை வேறு. மேலும், காத்திருக்கும் காலத்தில் கட்டி வளர்ந்து எல்லையைத் தாண்டினால் பட்டியலில் இடம் போய்விடும். கல்லீரல் சுருக்க நோயாளிகளுக்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் பரிசோதனை செய்தால் கட்டி சிறிதாயிருக்கும்போதே தென்படும். அப்பரிசோதனை வட்டார மருத்துவமனையிலேயே கிடைக்கிறதா, அதற்காக ஒருநாள் கூலியை அவர் இழக்க வேண்டியுள்ளதா என்பவற்றைப் பொறுத்து, வல்லுநர் குழு கூடுமுன்னரே தேர்வின் பாதி முடிந்துவிடுகிறது.