மஞ்சள் காமாலையில் பிலிரூபின் பரிசோதனை: செய்முறையும் முடிவைப் படிக்கும் முறையும்

இரத்தத்தில் பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறமி டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 2.5 முதல் 3 மில்லிகிராம் வரை உயர்ந்த பிறகே கண்ணின் வெண்பகுதியில் மஞ்சள் தெரியத் தொடங்குகிறது; இயல்பான அளவு 0.3 முதல் 1.2 மில்லிகிராம் வரையே என்பதால், கண் மஞ்சளிப்பதற்கு முன்பே காமாலை இரத்தத்தில் தொடங்கிவிட்டிருக்கும். நிறமி கூடியிருப்பதைக் காட்டுவதோடு, அது ஏன் கூடியது என்பதற்கான முதல் தடயத்தையும் வேதியியல் பரிசோதனை தருகிறது. அந்தத் தடயத்தை மொத்த அளவில் தேடுவதைவிட, அதன் இரு கூறுகளுக்கு இடையிலான விகிதத்தில் தேடுவதே பயன் தரும்.

ஏறத்தாழ 120 நாள் ஆயுள் முடிந்த சிவப்பணுக்கள் மண்ணீரல் முதலிய இடங்களில் சிதையும்போது ஹீமோகுளோபினிலிருந்து உண்டாகும் பிலிரூபின் நீரில் கரையாதது. ஆகவே அது அல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு கல்லீரலை அடைந்து, அங்கே குளுகுரோனிக் அமிலத்துடன் இணைக்கப்பட்டு, நீரில் கரையும் தன்மை பெற்றுப் பித்தநீரோடு குடலுக்குள் இறங்குகிறது. முந்தைய நிலையிலுள்ளது இணைவுறாத பிலிரூபின், பிந்தையது இணைவுற்ற பிலிரூபின். ஆய்வாளர் எர்லிக் 1883-இல் வெளியிட்ட, பிலிரூபினை நிறம் மாற்றிக் காட்டும் டயசோ வினையை இரத்தத்திற்குப் பயன்படுத்திய டச்சு மருத்துவர் ஹெய்மான்ஸ் வான் டென் பெர்க்கும் முல்லரும், சில நோயாளிகளின் சீரத்தில் ஆல்கஹால் சேர்த்தால் மட்டுமே நிறம் தோன்றுவதையும், வேறு சிலரிடம் அது இல்லாமலேயே தோன்றுவதையும் 1916-இல் பிரித்துக் காட்டினர். ஆய்வக அறிக்கையில் இன்றும் காணப்படும் ‘டைரக்ட்’, ‘இன்டைரக்ட்’ என்ற பெயர்கள் அந்த வேறுபாட்டிலிருந்து வந்தவையே: ஆல்கஹால் இல்லாமலேயே நிறம் தரும் இணைவுற்றது டைரக்ட், இணைவுறாதது இன்டைரக்ட்.

முதற்படி இரத்தம் எடுத்தல். மெல்லிய ஊசியின் வழியே வேகமாக உறிஞ்சினாலோ குழாயைக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்து சீரம் சிவந்துவிடும். அவ்வாறு கசியும் ஹீமோகுளோபின் டயசோ முறையில் பிலிரூபினைக் குறைத்துக் காட்டக்கூடும். இரத்தம் உறைந்ததும் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிச் சீரத்தைப் பிரித்தெடுத்து, உடனே சோதிக்க இயலாவிட்டால் குளிர்பெட்டியில் இருட்டில் வைக்க வேண்டும். பிலிரூபின் ஒளியில் சிதைவது. நேரடி வெயில் படும் சன்னலோரத்தில் குழாயை ஒரு மணி நேரம் மறந்துவிட்டால் அளவு பாதி வரை குறைந்துவிடலாம். குழாயைச் சுற்றும் ஒரு துண்டு அலுமினியத் தாள் இந்தப் பிழையைத் தடுத்துவிடும் என்றாலும், வேலை மிகுந்த ஆய்வகங்களில் முதலில் விடுபடுவதும் அதுதான்.

அடுத்தது நிற வினை. 1937-இல் மல்லாயும் ஈவ்லினும் வகுத்த முறையில், 0.2 மில்லிலிட்டர் சீரத்தை 1.8 மில்லிலிட்டர் நீரில் கலந்து, அதனுடன் 0.5 மில்லிலிட்டர் டயசோ வினைபொருள் சேர்க்கப்படுகிறது. அமிலத்தில் கரைத்த சல்ஃபனிலிக் அமிலத்தின் 10 மில்லிலிட்டருக்கு 0.3 மில்லிலிட்டர் சோடியம் நைட்ரைட் கரைசல் என்ற கணக்கில், பயன்படுத்துவதற்குச் சற்று முன்பே இதைக் கலக்க வேண்டும். நேரம் கடந்தால் வீரியம் குறையும். நைட்ரைட் சேர்க்காத மற்றொரு குழாய், சீரத்தின் சொந்த நிறத்தைக் கழிப்பதற்கான ஒப்பீட்டுக் குழாயாகிறது. நீரிலேயே எழும் செவ்வூதா நிறம் இணைவுற்ற பிலிரூபினைக் குறிக்கிறது. பின்னர் 2.5 மில்லிலிட்டர் மெத்தனால் சேர்த்ததும் இணைவுறாததும் வினைபுரிவதால் நிறம் அடர்கிறது. 540 நானோமீட்டர் அலைநீளத்தில் அதை அளந்தால் மொத்த அளவு கிடைக்கும். மொத்தத்திலிருந்து டைரக்ட் அளவைக் கழித்துப் பெறுவதே இன்டைரக்ட் அளவு. அதாவது, அது அளக்கப்படுவதன்று, கணக்கிடப்படுவது. நேரம் கூடக் கூட இணைவுறாததும் சிறிது வினைபுரியத் தொடங்குவதால், டைரக்ட் அளவைக் குறித்த நிமிடத்தில் படிப்பது இன்றியமையாதது. தானியங்கிக் கருவிகள் இவ்வேலையைத் தாமே செய்தாலும், வெயில் பட்ட சீரத்தை அவற்றால் திருத்த முடியாது.

மூன்றாம் படி முடிவைப் படித்தல். மொத்தம் உயர்ந்து, டைரக்ட் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், சிவப்பணுக்கள் மிகுதியாகச் சிதைவதையோ கல்லீரல் இணைக்கும் திறன் குறைந்ததையோ கருதலாம். பட்டினி இருக்கும்போது சற்றே உயர்ந்து, வேறெந்தத் தீங்கும் செய்யாத கில்பர்ட் நிலையும் இவ்வகையினதே. டைரக்ட் பாதிக்கு மேல் இருந்தால் கல்லீரல் உயிரணுக்களின் பாதிப்பு அல்லது பித்தநாள அடைப்பு முன்னிற்கிறது. நீரில் கரைவதால் இணைவுற்ற பிலிரூபின் மட்டுமே சிறுநீரில் இறங்கும். ஆதலால் சிறுநீர் அடர்மஞ்சளாகி அதில் பிலிரூபின் இருப்பது இம்முடிவுக்குத் துணை நிற்கும் சான்று.

பிலிரூபின் மட்டும் கல்லீரல் அழற்சியையும் அடைப்பையும் பிரித்துக் காட்டாது. ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. நொதிகள் ஆயிரக்கணக்கில் ஏறியிருப்பது கடுமையான கல்லீரல் அழற்சியின் பக்கமும், ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் ஓங்கியிருப்பது அடைப்பின் பக்கமும் சாயும். வளரும் பிள்ளைகளிடம் எலும்பிலிருந்தும் கர்ப்பிணிகளிடம் நஞ்சுக்கொடியிலிருந்தும் பாஸ்ஃபடேஸ் வருவதால், ஜி.ஜி.டி.யையும் பார்த்த பிறகே அதை நம்பலாம். இரத்தம் உறையும் நேரம் நீண்டிருந்து, வைட்டமின் கே ஊசிக்குப் பின் சீராகிவிட்டால் அது அடைப்பைக் காட்டும். சீராகாவிட்டால் கல்லீரல் செயல் தளர்ந்திருப்பதாகக் கொள்ளலாம். நோய் தணிந்த பின்னும் டைரக்ட் அளவு மெல்லக் குறைவது கண்டு பலர் அஞ்சுவதுண்டு. நீடித்த காமாலையில் இணைவுற்ற பிலிரூபினின் ஒரு பகுதி அல்புமினுடன் நிலையாகப் பிணைந்து, அப்புரதத்தின் ஆயுளையொட்டி வாரக்கணக்கில் தங்குவதே அதற்குக் காரணம்.

பச்சிளங்குழந்தைக்கு வரம்புகள் வேறு. இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் தோன்றி வடியும் காமாலை பெரும்பாலும் இயல்பானதே. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தோன்றுவதை மட்டும் ஒருபோதும் அவ்வாறு கொள்ளலாகாது. குழந்தையின் வயதை மணிக்கணக்கில் குறித்தால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு. நீல விளக்குச் சிகிச்சையில் இருக்கும் குழந்தையிடம் இரத்தம் எடுக்கும்போது, விளக்கை அணைத்துவிட்டே எடுக்க வேண்டும். இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நீடித்தால் டைரக்ட் அளவைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். அது உயர்ந்திருந்தால் பித்தநாளம் வளராமை காரணமாக இருக்கலாம்; அத்தகைய குழந்தைக்குச் செய்யப்படும் கசாய் அறுவை சிகிச்சை, 60 நாளுக்குள் செய்யப்பட்டால் கூடுதல் பலன் தருகிறது.