கல்லச்சு பழக வரும் பிள்ளைகளுக்கு

1790களின் இறுதியில் மியூனிக்கில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை இது. இதில் செதுக்குவதற்கு ஒன்றுமில்லை. எண்ணெய்ப் பசையும் தண்ணீரும் சேராது என்பதுதான் இதன் அடிப்படை. எந்த நிலையிலும் அதை மறக்காதீர்கள்.

1. கல்லை நீங்களே தேயுங்கள். சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல் மீது தண்ணீரும் கார்போரண்டம் தூளும் போட்டு, பருந்தூளில் தொடங்கி நைஸ் தூள்வரை தேய்க்க வேண்டும். பழைய படத்தின் பசை மிச்சமிருந்தால் உங்கள் படத்துக்குள் வந்து நிற்கும்.

2. கல்லில் கை படக்கூடாது. விரல்ரேகையும் மை பிடிக்கும். குறுக்கே ஒரு பலகை வைத்து, அதில் கையை ஊன்றி, எண்ணெய்ப் பசையுள்ள கிரேயானால் வரையுங்கள். அச்சில் எல்லாம் இடம் வலமாக விழும் என்பது நினைவிருக்கட்டும்.

3. வரைந்து முடித்ததும், அரபிக் கோந்தில் நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து கல்மீது பூசுவோம். கிரேயான் அழுத்தமாக விழுந்த இடத்துக்குச் சற்று வீரியமான கலவை தேவை. மெல்லிய சாம்பல் நிறத்துக்கு அது ஆகாது, படத்தையே தின்றுவிடும்.

4. டர்பன்டைனால் துடைத்ததும் வரைந்த படம் கண்ணெதிரே காணாமல் போகும். பதறாதீர்கள், பசை கல்லில் ஏறிவிட்டது. ஈர ஸ்பாஞ்சால் துடைத்து மை உருளையை உருட்டுங்கள். முதலில் கறுப்புகள் தெரியும், பிறகு நடுச்சாயல், கடைசியாக மெல்லிய கோடுகள். நடுவில் கல்லை உலரவிட்டால் வெற்றிடமும் மை பிடித்துவிடும்.

5. முதல் ப்ரூஃபோடு, அதாவது சோதனை அச்சோடு, நின்றுவிடாதீர்கள். பாரிஸில் முர்லோவின் கல்லச்சுப் பட்டறையில் பிக்காசோ 1945 டிசம்பரில் ஒரு காளையை வரைந்தார். அடுத்த மாதத்துக்குள் 11 நிலைகள் கடந்து, கொழுத்த காளை சில கோடுகளாயிற்று. எதை எடுத்தால் காளை காளையாகவே இருக்கும் என்று ஒவ்வொரு ப்ரூஃபும் அவருக்குச் சொன்னது.

6. கல் உடைந்தால் வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். அமெரிக்காவில் ஓவியர் ராபர்ட் ராஷன்பர்குக்கு அச்சின்போது கல் உடைந்தது. விரிசலோடேயே அச்சிட்டு ‘ஆக்சிடென்ட்’ என்று பெயரிட்டார். 1963இல் லியூப்லியானா அச்சோவியக் கண்காட்சியின் தலைமைப் பரிசு அதற்குத்தான்.

7. அச்சிடுபவரை மதியுங்கள். கல்லச்சு தெரிந்த கைகள் அமெரிக்காவில் அருகியதால்தான் 1960இல் ஓவியர் ஜூன் வெய்ன் லாஸ் ஏஞ்சல்ஸில் டாமரிண்ட் பட்டறையைத் தொடங்கினார். ஓவியருக்கும் அச்சுக்காரருக்கும் அங்கே சேர்ந்தே பயிற்சி கிடைத்தது. உங்கள் கையொப்பம் இருக்கும் தாளில் அச்சுக்காரருடைய முத்திரையும் இருக்கட்டும். இந்தக் கலை அழியாமல் வந்தது இருவராலும்தான்.