சவுரியும் சொந்த முடியும்

சவுரி என்பது நீளமான முடிக் கற்றை. முடி குறைவாக உள்ள பெண்கள் இதைத் தங்கள் முடியோடு சேர்த்துப் பின்னுவார்கள். சடை நீளமாகும். பருமனாகவும் தெரியும். கல்யாணப் பெண்ணுக்குச் சவுரி சேர்த்துப் பின்னி, பூ வைத்து, நுனியில் குஞ்சலம் கட்டுவது தமிழ்நாட்டுப் பழக்கம்.

மும்பைக்குப் பிழைக்க வந்த தமிழர்கள் இந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டு வந்தார்கள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் அவர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். மாட்டுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் இருக்கிறது. அது 1945-இல் தொடங்கியது. மேடையில் ஆடும் பெண்ணுக்கு நீளச் சடை வேண்டும். முடி தோள் வரைதான் இருக்கிறது என்றால் என்ன செய்வது? சவுரிதான் துணை.

தானே கடலோடையின் கிழக்குக் கரையில் நவி மும்பை இருக்கிறது. அங்கே ஐரோலியிலும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அம்மா கல்யாண வீட்டுக்குச் சவுரி வைத்துப் போகிறாள். மகள் பார்லருக்குப் போகிறாள். பார்லரில் இதற்கு 'ஹேர் எக்ஸ்டென்ஷன்' என்று பெயர். சிலர் கிளிப் மாட்டுகிறார்கள். சிலர் பசை நாடாவால் ஒட்டுகிறார்கள். சொந்த முடியை ஒட்டப் பின்னி, அதன் மேல் ஒட்டு முடியைத் தைப்பதும் உண்டு. பெயர்தான் புதிது. பொருள் பழைய சவுரிதான்.

முடி எங்கிருந்து வருகிறது?

திருப்பதி மலையில் கல்யாணகட்டா என்ற இடம் உண்டு. பக்தர்கள் அங்கே மொட்டை போட்டுக் கொள்கிறார்கள். பழனியிலும் மொட்டை போடுகிறார்கள். காணிக்கையாகக் கொடுத்த முடியைக் கோயில் நிர்வாகம் ஏலம் விடுகிறது. நீளமான முடிக்கு விலை அதிகம். வியாபாரிகள் வாங்கிச் சுத்தம் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

இன்னொரு வகை சிக்கு முடி. தலை வாரும்போது சீப்பில் வருகிறதே, அதுதான். பெண்கள் அதைச் சுருட்டிச் சேர்த்து வைப்பார்கள். தெருவில் வரும் வியாபாரி அதை வாங்கிக் கொண்டு பாத்திரமோ காசோ கொடுப்பார். கர்நாடக மாநிலம் கொப்பள் பகுதியில் இந்தச் சிக்கை எடுக்கும் வேலை நடக்கிறது. பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு முடியாகப் பிரிக்கிறார்கள். பொறுமையான வேலை. கூலி குறைவு.

இரண்டு வகைக்கும் என்ன வித்தியாசம்? ஒரு நீள முடியை எடுங்கள். இரண்டு விரலால் பிடித்து, வேரிலிருந்து நுனி வரை உருவுங்கள். வழுவழு என்று போகும். இப்போது நுனியிலிருந்து வேருக்கு உருவுங்கள். சொரசொரப்பாக இருக்கும். முடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. ஓட்டு வீட்டின் ஓடுகளைப் போல அவை ஒரே பக்கம் சரிந்திருக்கின்றன. மொட்டை போட்ட முடியை ஒரே திசையில் கட்டி வைக்கலாம். சிக்கு முடியில் வேரும் நுனியும் மாறி மாறிக் கிடக்கும். செதிலும் செதிலும் எதிரெதிராக மாட்டிக் கொள்ளும். அதனால்தான் சிக்கு விழுகிறது. சில இடங்களில் அமிலத்தில் ஊற வைத்துச் செதிலை எடுத்து விடுகிறார்கள். மேலே பளபளப்பு பூசுகிறார்கள். கடையில் அழகாக இருக்கும். நாலு முறை அலசினால் பளபளப்பு போய்விடும்.

நைலான் போன்ற செயற்கை இழையையும் முடி என்று விற்பவர்கள் உண்டு. வாங்கும்போது ஓர் இழையை உருவி, தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். உண்மை முடி கோழி இறகு கருகும் வாடை தரும். விரலால் தேய்த்தால் சாம்பலாகப் பொடியும். செயற்கை இழை உருகும். ஆறியதும் சிறு உருண்டையாக இறுகி விடும். செயற்கைச் சவுரி வைப்பது தவறில்லை. விலையும் குறைவு. ஆனால் அடுப்புப் பக்கம் அதை வைத்துக் கொண்டு போகக் கூடாது. சூடான இஸ்திரிக் கருவியும் அதற்கு ஆகாது.

எப்படி அலசுவது?

தலையில் வளரும் முடிக்கு வேரிலிருந்து எண்ணெய்ப் பசை கிடைக்கிறது. சவுரிக்கு அது கிடையாது. சவுரி வெட்டிய முடி. அதற்கு உயிர் இல்லை, வலியும் தெரியாது. கெட்டுப் போனால் மறுபடி வளராது. அதனால் கை பக்குவமாக இருக்க வேண்டும்.

நனைப்பதற்கு முன்பே சிக்கு எடுக்க வேண்டும். அகலமான பல் உள்ள சீப்பு நல்லது. நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். மேலிருந்து இழுத்தால் முடி அறும். ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலக்குங்கள். சவுரியை அதில் முக்கி முக்கி எடுங்கள. துணி மாதிரி கும்மக் கூடாது. முறுக்கிப் பிழியவும் கூடாது. நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, துண்டில் வைத்து ஒற்றி எடுத்தால் போதும்.

பிறகு நிழலில், காற்றுப் படும் இடத்தில், கொடியில் தொங்க விடுங்கள். கடும் வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தால் கறுப்பு மங்கிச் செம்பட்டையாகும். காய்ந்த பிறகு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனியில் தடவலாம். அதற்கு மேல் வேண்டாம். எண்ணெய் அதிகமானால் தூசி ஒட்டும்.

ஊரில் இவ்வளவு சொன்னால் போதும். மும்பைக்குப் போதாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே மழை. துவைத்த துண்டே இரண்டு நாள் காயாது. சவுரி எப்படிக் காயும்? வெளியே காய்ந்தது போல இருக்கும். மேலே நூல் சுற்றிய முடிச்சு உள்ளே ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், நாற்றம் வரும். மழைக் காலத்தில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் தொங்க விடுங்கள். முடிச்சை விரலால் அழுத்திப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த பிறகு பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

ஒருவர் சவுரியை இன்னொருவர் வைக்கக் கூடாது. பேன் தொற்றும். சடங்கு வீட்டில் இரவல் கேட்டால் மறுப்பது கஷ்டம்தான். கொடுத்துவிட்டால், திரும்பி வந்த சவுரியைப் பையில் போட்டு இறுகக் கட்டி இரண்டு வாரம் வையுங்கள். தலை இல்லாமல் பேன் இரண்டு நாளுக்கு மேல் பிழைக்காது. ஈரும் இரண்டு வாரத்துக்குள் செத்துவிடும்.

காதோரம் வலித்தால்

ஐரோலியில் ஒரு வீடு. மகள் அலுவலக வேலைக்குப் போகிறாள். அண்ணன் கல்யாணத்துக்காகப் பார்லரில் ஒட்டு முடி தைத்துக் கொண்டாள். கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. முடி இன்னும் தலையில் இருக்கிறது.

"அம்மா, காதோரம் குத்துது. ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்க முடியல."

"தலையக் காட்டு. ஏட்டி, இங்க சின்னச் சின்னப் பருவா இருக்கு! நெத்தி ஓரத்துல முடியே காணோமே. அத அவுத்துடு."

"எவ்வளவு காசு கொடுத்தேன் தெரியுமா?"

"காசு கொடுத்த முடி போனா இன்னொண்ணு வாங்கலாம். உன் முடி எந்தக் கடையில கிடைக்கும்?"

தாய் சொன்னது சரி. எப்போதும் இறுக்கி இழுத்தால் முடியின் வேர் தளரும். முதலில் வலி, சிவப்பு, சின்னப் பருக்கள். பிறகு நெற்றி ஓரமும் காதோரமும் முடி மெலியும். இந்த நிலையில் கட்டைத் தளர்த்தினால் சில மாதங்களில் முடி மீண்டும் வளரும். வருடக் கணக்கில் இழுத்துக் கொண்டே இருந்தால் வேர் இருந்த இடம் தழும்பாகிவிடும். அங்கே முடி முளைக்காது. வலி, பரு, முடி மெலிவு இவற்றில் எது தெரிந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இது இன்று வந்த நோய் இல்லை. வடதுருவப் பக்கம் கிரீன்லாந்து என்ற பனி நாடு இருக்கிறது. அங்கே அந்தக் காலத்தில் பெண்கள் கூந்தலை இறுக்கி உச்சியில் கட்டினார்கள். அவர்களுக்கு நெற்றி ஓரம் முடி போவதை 1907-இலேயே ஒரு மருத்துவர் எழுதி வைத்தார். ஆப்பிரிக்கப் பெண்களுக்கும், முடியை இறுக்கி முடியும் சீக்கியர்களுக்கும் இது வருவதுண்டு.

பழைய சவுரியில் ஒரு நல்ல குணம் இருந்தது. ராத்திரி படுக்கும்போது அதை அவிழ்த்து ஆணியில் மாட்டி விடுவார்கள். தலைக்கு ஓய்வு கிடைத்தது. தைத்த முடியை அப்படி அவிழ்க்க முடியாது. அதனால் தைத்தது எதையும் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அடுத்தது தைக்கும் முன் சில வாரம் இடைவெளி விட வேண்டும். தைத்த அன்றே தலை வலித்தால், "போகப் போகச் சரியாகும்" என்று பார்லரில் சொல்வார்கள். நம்ப வேண்டாம். அப்போதே தளர்த்தச் சொல்லுங்கள். பசை வைத்து ஒட்டுவதானால், முதல் நாளே ஒரு சொட்டுப் பசையை முழங்கை மடிப்பில் தடவிப் பாருங்கள். அரித்தால் அந்தப் பசை வேண்டாம்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுபவர்களின் நிலை வேறு. பரேலில் டாடா நினைவு மருத்துவமனை 1941 முதல் நடக்கிறது. அங்கே வரும் பலருக்கு, மருந்து ஏற்றிய இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலும் திரும்ப வளரும். அதுவரை விக் வைக்கலாம். தலைத் தோல் அப்போது மென்மையாக இருக்கும். பசை வேண்டாம். உள்ளே பருத்தித் தொப்பி போட்டு, தளர்வாக வைத்தால் போதும். ஒன்றும் வைக்காமல் துணி கட்டிக் கொள்பவர்களும் உண்டு. அது அவரவர் விருப்பம்.

ஐரோலி வீட்டு மகள் அந்த ஞாயிற்றுக்கிழமையே முடியைப் பிரித்தாள். தையல் நூலைத் தாய்தான் பார்த்துப் பார்த்து வெட்டினாள். பிரிக்க மூன்று மணி நேரம் ஆனது. அடுத்து தங்கை கல்யாணம் வருகிறது. கிளிப் வைத்த முடி வாங்கி, காலையில் மாட்டி இரவில் எடுத்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறார்கள். தைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், தைக்கும் நாளையும் எடுக்கும் நாளையும் சுவரில் தொங்கும் காலண்டரில் தாயே தன் கையால் எழுதுவாளாம்.